சீட்டில் ஒரு பெயர், பூவில் வேறு பெயரா?

1. நர்சரியில் செருகித் தரும் பெயர்ச் சீட்டை முழுதாக நம்ப வேண்டாம். அக்லோனிமா, டிஃபன்பேக்கியா, பிலோடெண்ட்ரான், அந்தூரியம் எல்லாமே சேம்புக் குடும்பம்தான். கன்றாக இருக்கும்போது இவற்றில் பலவும் ஒரே ஜாடை. சந்தேகமான செடி மொட்டு விட்டால், இலைக்குப் போகும் சத்தைப் பூ தின்றுவிடும் என்று கிள்ளிவிடாதீர்கள்; செடியை அடையாளம் காட்டுவது பூதான்.

2. நாம் பூ என்று நினைக்கும் அகன்ற மடல் உண்மையில் பாளை. நடுவில் விரல் போல நீட்டிக்கொண்டிருப்பது கதிர். அதில் நெருங்கியிருக்கும் பொடி மணிகள்தான் பூக்கள். பார்க்க வேண்டியது கதிரைத்தான்.

3. கதிர் அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி இருந்து, பாளை விரிந்து விலகி நின்றால் அந்தூரியமாக இருக்கலாம். பாளையின் அடிப்பகுதி கதிரைச் சுற்றி மூடியிருந்தால் பிலோடெண்ட்ரான் பக்கம் யோசியுங்கள். அதில் பெண் பூக்கள் கீழே, ஆண் பூக்கள் மேலே எனத் தனித்தனியாக இருக்கும். மான்ஸ்டெராவையும் பிலோடெண்ட்ரான் என்று விற்கிறார்கள். அதன் கதிரில் இந்தப் பிரிவினை கிடையாது.

4. அதிகம் குழப்புவது அக்லோனிமாவும் டிஃபன்பேக்கியாவும். பாளையை பிளேடால் நெடுக்காகக் கீறி விரியுங்கள். கதிரின் கீழ்ப்பகுதி பாளையின் உட்புறத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தால் டிஃபன்பேக்கியா. ஒட்டாமல் தனித்து நின்றால் அக்லோனிமா. கீற மனம் வரவில்லையா? அழகுக்கு ஒன்று, அடையாளத்துக்கு ஒன்று என இரண்டு பூ வரும்வரை பொறுங்கள்.

5. மணி பிளான்ட் பூக்கும் என்று காத்திருக்க வேண்டாம். பூப்பதற்கான ஹார்மோன் அதில் போதிய அளவு உருவாவதில்லை. 1880-இல் அதற்கு போத்தோஸ் என்று பெயரிட்டார்கள். 1962-இல் அபூர்வமாகப் பூத்ததும் ராபிடோஃபோரா என்றார்கள், பிறகு எபிப்ரெம்னம். நிபுணர்களுக்கே அந்தக் கதி! இதய வடிவ இலை பிலோடெண்ட்ரானிலிருந்து அதைப் பிரித்தறியத் தளிரைப் பாருங்கள். பிலோடெண்ட்ரானின் தளிர் தனி உறைக்குள்ளிருந்து வரும். உறை பிறகு காய்ந்து உதிரும்.

6. பாளை விரிந்த அன்றும் மறுநாளும் போட்டோ எடுங்கள். பெண் பூக்கள் முதலில் தயாராகும், மகரந்தம் பிறகுதான் உதிரும்.

7. கீறும்போது கையுறை போடுங்கள். சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. அரிக்கும், கண்ணில் பட்டால் வேதனை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

8. புதுப் பெயரைப் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். பேனா மை மழைக்கு நிற்காது.