மழைக்காலப் பயிருக்கு நிழல்வலைக் குடிலை ஆயத்தம் செய்தல்

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்தில், மாடித்தோட்டத்தின் நிழல்வலைக் குடிலைச் சீர்செய்து கத்தரி, தக்காளி, மிளகாய், கீரை விதைக்கப் பலரும் முற்படுகின்றனர். நோயிலிருந்து மீள்வோருக்குத் தோட்டவேலை மிதமான உழைப்பாகவும் மனத்திற்கு ஆறுதலாகவும் அமைகிறது. ஆயினும், குடிலின் எல்லா வேலைகளும் நோயாளருக்கு உகந்தவை அல்ல. ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வதிலிருந்தே தொடங்குவோம்.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

தங்கிய சருகுகளை நீர் தெளித்து நனைத்தபின் அகற்றுக. வலையின் கிழிசல்களைத் தைத்து, காற்றுக்குத் தளராதவாறு கயிறுகளை இறுக்குக. தொட்டிகளையும் குழித்தட்டுகளையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்துக. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் உலர்ந்த பாத்திரச் சுவரிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்ப்பது இன்றியமையாதது. தொட்டியடித் தட்டுகளை மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை இவ்வாறே கழுவுக.

செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சற்றே ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து கலக்குக. மக்கும் பொருள்களில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்கிறது. அதன் நுண்வித்துகள் நலமுள்ளோரைப் பெரும்பாலும் தாக்குவதில்லை. புற்றுநோய்க்கு மருந்து பெறுவோருக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோருக்கும் அவை நுரையீரலில் கடுந்தொற்றை விளைவிக்கலாம். மருத்துவர் இசைவு தரும்வரை இவர்கள் மண்ணையும் உரத்தையும் தொடாதிருத்தல் வேண்டும்.

நோயாளர் செய்யத்தக்கவை

விதைகளைத் தெரிவு செய்தல், பெயர்ச்சீட்டு எழுதுதல், விதைத்த நாளைக் குறித்து வைத்தல் ஆகியவை எவரும் செய்யக்கூடியவை. இசைவு பெற்றோர் கையுறையும் மூடிய காலணியும் அணிந்து, காலை வெயில் ஏறுமுன் நாற்று நடலாம். பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

நீரிழிவு உள்ளோர் கவனத்திற்கு

ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிரி மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. மழைக்காலத்தில் இது மிகுதி. நீரிழிவும் நாட்பட்ட சிறுநீரக நோயும் உள்ளோருக்கு ஆபத்தும் மிகுதி. கால்களில் புண் இருப்பின், அது ஆறும்வரை குடிலுக்குள் செல்ல வேண்டா.

இந்நோய் காசநோய் போலவும் தோற்றமளிக்கும். எனவே மண்வேலைக்குப்பின் காய்ச்சலோ இருமலோ ஆறாத கட்டியோ தோன்றினால் தாமதியாது மருத்துவரிடம் செல்க. அவர் கேளாவிடினும், "மண்ணில் வேலை செய்தேன்" என்பதைக் கூறுக. அவ்வொரு சொல்லால் உரிய பரிசோதனை விரைவில் நடைபெறும்.

விதைப்பதற்குமுன், அடுத்த மருத்துவச் சந்திப்பில் இக்குறிப்பைக் காட்டி, உங்களுக்கு ஏற்ற வேலை எது எனக் கேட்டறியுமாறு வேண்டுகிறோம்.