கடிபட்ட ஐந்து ரூபாய்

ஊத்தங்கரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய இரண்டு நாணயப் படங்களும் வந்தன. அந்த ஆள் கேட்கிற விலையைக் கொடுக்குமுன் இதைப் படித்துவிடு.

ஓசூரில் பிரஸ் ஷாப்பில் அப்ரண்டிஸாக இருக்கிற உனக்கு இதில் பாதி தெரிந்ததுதான். தகட்டிலிருந்து வில்லை வெட்டுவார்கள். சூடேற்றி இளக்கி, ஓரத்தை உருட்டி விளிம்பு எழுப்புவார்கள். பிறகு மேலே ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றிலும் காலர், ஓங்கி ஒரு அடி. மும்பையானாலும் நொய்டாவானாலும் நாணயம் இப்படித்தான் பிறக்கிறது. அச்சுப்பிழை என்று எவன் எதைக் காட்டினாலும், இந்த வரிசையில் எந்த இடத்தில் இது நடந்திருக்கும் என்று கேள். இடம் கிடைக்கவில்லையென்றால் அது வெளியே வந்த பிறகு பட்ட அடி.

முதலில் பத்து ரூபாய். கதிர்கள் உள்ள வளையத்துக்கு நடுவில் சிங்கத்தூண். 'நடு வில்லை புரண்டுபோன அபூர்வம்' என்கிறாராம். வளையமும் நடு வில்லையும் டைக்கு அடியில் போகும்போது இரண்டுமே மொட்டை. தலை எது, பூ எது என்ற பேச்சே அங்கே கிடையாது. உருவம் விழுவதும் இரண்டும் ஒன்றோடொன்று இறுகுவதும் ஒரே அடியில். அப்புறம் எப்படிப் புரளும்? யாரோ நடுவைத் தட்டியெடுத்து, திருப்பிப் போட்டு, வைஸில் அமுக்கியிருக்கிறார்கள். உங்கள் ஷாப்பில் டீ வருவதற்குள் முடிகிற வேலை. நிஜப் பிழையில் நடு வில்லை ஓரம் தள்ளி உட்கார்ந்திருக்கும். சிங்கத்தின் ஒரு பகுதி உடையாமல் வளையத்தின் மேலேயே ஓடும்.

கோடுகளைப் பற்றி நீ கேட்டதற்குச் சுருக்கமாக: டையில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் ஏறி, காசில் மேடாக நிற்கும். பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் கீறல்தான்.

அந்தக் கடிபட்ட ஐந்து ரூபாய்தான் எனக்கு ஆசையைக் கிளப்புகிறது. 9 கிராம் இருந்த பழைய கனத்த காசு. தகடு போதிய தூரம் நகராமல், பஞ்ச் முந்தைய ஓட்டையின் மேலேயே கொஞ்சம் இறங்கினால் வில்லையில் இப்படிப் பிறை விழும். உங்கள் ஸ்கிராப் தொட்டியிலும் கிடக்கும், தேடிப் பார். ஆனால் பிறையை அரத்தாலும் போடலாமே! அதனால் கடியை விட்டுவிட்டு, அதற்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பார். ஓரம் உருட்டும்போது கடிபட்ட இடம் அழுத்தம் கொடுக்காது. அழுத்தம் இல்லாததால் எதிர்ப்பக்கமும் சரியாக எழும்பாமல் சப்பையாகவே நின்றுவிடும். கடியை ஒட்டிய எழுத்துகளும் அந்தப் பக்கமாக இழுபட்டு மெலிந்திருக்கும். அரம் போட்டவன் வெட்டிய இடத்தில் எழுத்து கத்தரித்தது போல் நிற்கும். எதிர் விளிம்பு முழுசாக இருக்கும்.

உன் படத்தில் அந்த எதிர் விளிம்பைத்தான் அந்த ஆளின் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. காசைக் கையில் வாங்கி, வெயிலில் சாய்த்துப் பிடித்து நீயே படம் எடுத்து அனுப்பு. அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. பத்து ரூபாய் வேண்டுமானால் பத்து ரூபாய்க்கே கேள்.

அக்காவையும் மச்சானையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா