மாடு குளிரைத் தாங்கும். நனைந்த பட்டினியைத் தாங்காது



நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து தோணி ஏறி வந்தவர்களில் நிறையப் பேர் மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே நடந்து மலைக்கு வந்தார்கள். அந்தக் கரைப் பக்கத்தில், பாலாவித் தீர்த்தத்தின் அருகே இருப்பது திருக்கேதீஸ்வரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது கோயிலை அல்ல. அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்களை.

"அது வெயில் ஊரு, நம்மது குளிர் ஊரு. அவங்க மாட்டுக்கும் நம்ம மாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. பொறுமையாகப் படியுங்கள்.

அங்கே ஒரு நாள்

விடியும் முன்னே வீட்டுப் பெண்கள் கோழிக்கூட்டைத் திறந்து விடுவார்கள். கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் பால் கறப்பார்கள். நாட்டு மாடு நம் கலப்பின மாட்டைப் போல் கறக்காது. ஒன்றிரண்டு லீட்டர் கிடைத்தால் பெரிது. கறந்த பின் மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும். வேலியிலே நிற்கும் பூவரசம் குழையையும் கிளுவைக் குழையையும் ஒடித்து ஆட்டுக்குக் கட்டுவார்கள். பொழுது சாய மாடுகள் பட்டிக்குத் திரும்பும். பட்டி என்றால் நம் தோட்டத்து மாட்டுப்பட்டி மாதிரி தகரக் கூரை போட்டது அல்ல. பெரும்பாலும் சுற்றி அடைத்த வேலிதான், மேலே வானம்.

அங்கே ஒரு வருடம்

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரிலும் மாரி மழையிலும் அந்தப் பக்கத்து வயல்கள் விளைகின்றன. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் மாடுகளை வயலில் விடுவார்கள். மாடு தாளைத் தின்னும்; சாணியும் மூத்திரமும் வயலுக்கு உரமாகும். இது காசில்லாத கொடுக்கல் வாங்கல். பிறகு சோளகக் காற்று வீசும் வறட்சி மாதங்கள். புல் கருகிவிடும். சேர்த்து வைத்த வைக்கோல்தான் கைகொடுக்கும்.

ஐப்பசியில் மழை இறங்கி, வயலில் பயிர் எழும்பினால் மாடுகளுக்கு அங்கே இடமில்லை. தரவைக்கும் காட்டோரத்துக்கும் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். மேய்ச்சல் நிலமோ வருடா வருடம் சுருங்கி வருகிறது. ஆக, மழையும் வாடைக் காற்றும் அடிக்கும் அதே மாதங்களில்தான் மாடு வீட்டை விட்டுத் தூரத்தில், கூரையில்லாமல், அரை வயிற்றோடு நிற்கிறது. இதை மனதில் வையுங்கள்.

2022 டிசம்பரில் நடந்தது

2022 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வங்கக் கடலில் 'மாண்டஸ்' புயல் எழுந்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் கடுங்குளிரும் காற்றும் மழையும். இரண்டு மூன்று நாளுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. ஏதோ தொற்று நோய் என்று சனம் பயந்தது. பரிசோதித்தவர்கள் குளிர்தான் காரணம் என்றார்கள்.

இங்கேதான் நம் கேள்வி. நுவரெலியாவில் அதை விடக் குளிர் வருடா வருடம் வருகிறதே, நம் மாடுகள் ஏன் அப்படிச் சாகவில்லை?

காரணம் இதுதான். மாட்டின் வயிற்றில் புல்லும் வைக்கோலும் செரிக்கும்போது சூடு பிறக்கிறது. அது மாட்டுக்குள்ளே எரியும் அடுப்பு. காய்ந்த உரோமம் அதற்குக் கம்பளி. மழையில் நனைந்தால் கம்பளி போச்சு. காற்று அடித்தால் இருக்கிற சூடும் போச்சு. வயிறு காலியென்றால் அடுப்பே அணைந்து போச்சு. ஈரம், காற்று, பசி மூன்றும் ஒன்றாக வந்தால் வளர்ந்த மாடும் விழும். மெலிந்ததும் கன்றும் முதலில் விழும். அந்த வெயில் ஊர் மாடுகளுக்கு உரோமமும் குறைவு, குளிர் பழக்கமும் குறைவு. மூன்றும் ஒன்றாக வந்தால் நம் மாடும் தப்பாது.

நாம் செய்ய வேண்டியவை

1. படுக்கை காய்ந்திருக்கட்டும். கூரை ஒழுக்கை மழைக்கு முன்பே அடையுங்கள். காய்ந்த மானாப்புல்லோ வைக்கோலோ பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள்.

2. காற்றடிக்கும் பக்கத்தில் பழைய உரப்பைகளைத் தைத்துத் தொங்கவிடுங்கள். மேலே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். முழுக்க அடைத்தால் மூத்திர நாற்றத்தில் கன்றுக்கு இருமல் வரும்.

3. அடைமழை நாளில் தீனியைக் கூட்டுங்கள். ஈரப் புல்லை மட்டும் போடாமல், சேர்த்து வைத்த காய்ந்த புல்லையும் கலந்து போடுங்கள்.

4. கன்று பிறந்ததும் துடைத்துக் காயவைத்து, முதல் சில மணி நேரத்துக்குள் கடும்புப் பால் குடிக்க விடுங்கள். "நஞ்சுக்கொடி விழட்டும், பொறகு பாத்துக்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம். நோயைத் தடுக்கும் சக்தி அந்தப் பாலில்தான் இருக்கிறது.

5. நனைந்து நடுங்கும் மாட்டைக் கூரைக்குள் கொண்டுவந்து சாக்கால் அழுத்தித் துடையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். எழும்ப முடியாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

6. காரணம் தெரியாமல் செத்த மாட்டை அறுக்கவோ இறைச்சிக்கு விற்கவோ கூடாது.

மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு வைகாசி, ஆனி மழைக்கு முன்பும், ஊவாப் பக்கத்தாருக்கு ஐப்பசி மழைக்கு முன்பும் இந்த வேலைகள் முடிய வேண்டும்.

மன்னார்ப் பக்கத்துக் குடும்பத்துக்கும் நமக்கும் மாடு ஒரே பொருள்தான்: அவசரத்துக்கு உதவும் சேமிப்பு, பிள்ளையின் கொப்பிக் காசு. அங்கே ஒரே இரவில் அது போனது. நம்மிடம் கூரை இருக்கிறது. அந்தக் கூரை ஒழுகாமல் பார்ப்பது நம் கையில்தான்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

நம் பட்டியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? ஒரு வாரம் புல் வெட்டப் போக முடியாவிட்டால் மாட்டுக்குப் போட என்ன இருக்கிறது?