தாடைக் கட்டிக்குப் பெயர் எழுதும் முன்

வாய் நோயியல் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து எழும் கட்டிகள் அரிதானவை. ஆனால் நீங்கள் எழுதும் ஒரு வரியை நம்பித்தான், கட்டியை மட்டும் தோண்டி எடுப்பதா, தாடை எலும்பையும் சேர்த்து வெட்டுவதா என்று அறுவை மருத்துவர் முடிவு செய்கிறார். அதனால் இதைச் சொல்கிறேன்.

1. எக்ஸ்ரே பார்க்காமல் ஸ்லைடுக்குப் பெயர் சொல்லாதீர்கள். 'தாடை வீக்கம்' என்று மட்டும் எழுதிய சீட்டோடு திசு வரும். போன் போட்டுக் கேளுங்கள்: வயது என்ன, மேல்தாடையா கீழ்த்தாடையா, எவ்வளவு நாளாக, முளைக்காத பல் உள்ளே இருக்கிறதா, பல் வேர் கரைந்திருக்கிறதா?

2. நோயைப் படிக்கும் முன் இயல்பைப் படியுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பதினேழு வயதுப் பையனுக்கு முளைக்காத ஞானப்பல்லை எடுக்கிறார்கள்; அதைச் சுற்றியிருந்த மெல்லிய உறையையும் அனுப்புகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெளிறிய, வழவழப்பான இணைப்புத் திசு. நடுநடுவே எபிதீலியச் செல்களின் சிறு தீவுகள். மிக்ஸோமா என்று எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள். வளரும் பல்லின் உறையும், பற்கூழுக்கு மூலமான டென்டல் பாப்பிலாவும் இப்படித்தான் இருக்கும். பாப்பிலாவாக இருந்தால் ஓரத்தில் ஓடன்டோபிளாஸ்ட் செல்கள் வரிசையாக நிற்கும். உறையாக இருந்தால் எக்ஸ்ரேயில் பல்லின் தலையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் மட்டுமே தெரியும், எலும்பு உப்பியிருக்காது. மிக்ஸோமா எலும்பை அரித்துப் பரவுவது. அதற்கான வைத்தியம் பெரியது. ஒன்றுமில்லாத பையனுக்கு அந்த வைத்தியத்தைச் செய்துவிடக் கூடாது.

3. அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில், வலியில்லாமல், மெதுவாக வளரும். விக்கர்ஸும் கோர்லினும் 1970இல் சொன்ன அடையாளங்களை மனப்பாடமாக வைத்திருங்கள்: ஓரச் செல்கள் வேலிக்கால்போல் வரிசையாக நிற்கும், உட்கரு கருத்திருக்கும், அது அடிச்சவ்வை விட்டு விலகி மறுமுனைக்கு நகர்ந்திருக்கும், செல்லுக்குள் வெற்றிடம் தெரியும். ஆனால் அழற்சி வந்த இடத்தில் இவையெல்லாம் அழிந்துபோகும். நீர்க்கட்டிபோலவே தோன்றும் ஒற்றை அறை வகையும் உண்டு. அதன் சுவரிலிருந்து கிள்ளி எடுத்த ஒரு துணுக்கு, சாதாரண நீர்க்கட்டி என்றே சொல்லும். கட்டி சுவருக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதை முழுக் கட்டியையும் வாங்கிப் பல இடங்களில் வெட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். துணுக்கை வைத்து உறுதி கொடுக்காதீர்கள்.

4. பதின்வயதுப் பெண், மேல்தாடை முன்பகுதி, முளைக்காத கோரைப்பல்: இம்மூன்றும் சேர்ந்தால் அடினோமட்டாய்டு கட்டியை நினையுங்கள். அமெலோபிளாஸ்டோமாவின் ஒரு வகை என்று முன்பு கருதப்பட்டது இது. தோண்டி எடுத்தால் போதும். திரும்ப வருவது மிக அபூர்வம்.

5. பிண்ட்போர்க் 1955இல் விவரித்த கட்டியில் செல்கள் கோரமாக, ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருக்கும். உடனே புற்றுநோய் என்று எழுதாதீர்கள். செல்பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள், அரிதாகவே இருக்கும். காங்கோ ரெட் சாயம் ஏற்றி போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்; இந்தக் கட்டியில் படியும் அமிலாய்டு பச்சையாக ஒளிரும்.

6. பல உட்கரு கொண்ட பெரிய செல்கள் நிறைந்திருந்தால், ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கச் சொல்லுங்கள். நோய் தாடையில் இல்லாமல் கழுத்துச் சுரப்பியில் இருக்கலாம்.

7. எலும்பை மென்மையாக்க அமிலத்தில் போடும் முன் மென்திசுவைத் தனியே பிரித்து வையுங்கள். அமெலோபிளாஸ்டோமாவில் பி-ராஃப் மரபணு மாற்றம் அடிக்கடி இருப்பது 2014இல் தெரியவந்தது. அந்தச் சோதனைக்கு டிஎன்ஏ வேண்டும்; அமிலம் அதைக் கெடுத்துவிடும்.

8. கீழுதடு மரத்துப்போயிருக்கிறது என்று நோயாளி சொன்னால், ஸ்லைடு எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் மறுபடி பாருங்கள். வெளிறிய செல்கள் கூட்டமாக இருந்தால் சிறுநீரகப் புற்றுநோய் தாடைக்குப் பரவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

9. தெரியவில்லை என்றால் அப்படியே எழுதி, இன்னொரு துண்டு கேளுங்கள். அமெலோபிளாஸ்டோமா என்று உறுதியானால், பல ஆண்டுகள் தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்பதையும் அறிக்கையில் சேருங்கள். பத்து ஆண்டு கழித்தும் அது திரும்ப வரக்கூடும்.