கண் சிமிட்டும் மீட்டர்



உங்கள் வீட்டு மின் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் இருக்கிறது என்பதைக் காட்டத்தான் அது சிமிட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த விளக்கு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது! அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமா?

யூனிட் என்பது எது?

மீட்டர் அளப்பது நாம் செலவிட்ட மின்னாற்றலை. திறனை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். 100 வாட் குண்டு பல்பு 10 மணி நேரம் எரிந்தால் 1000 வாட்-மணி, அதாவது 1 கிலோவாட்-மணி செலவாகிறது. இதையே ஒரு யூனிட் என்கிறோம். ஜூல் கணக்கில் இது 1000 × 3600 = 36,00,000 ஜூல்.

இது எவ்வளவு பெரிய ஆற்றல் தெரியுமா? 50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவர் கல்வராயன் மலையில் 600 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை 50 × 10 × 600 = 3,00,000 ஜூல். ஆக, ஒரு யூனிட் ஆற்றல் 12 மாணவர்களை அந்த உயரத்துக்குத் தூக்கிவிடப் போதுமானது!

எண்ணைப் படிப்பது எப்படி?

பழைய மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு சுழலும். இத்தகைய மீட்டருக்கு 1889-இல் காப்புரிமை பெற்றவர் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் ஓட்டோ பிளாதி. திறன் கூடினால் தட்டின் வேகமும் அதே விகிதத்தில் கூடும். தட்டோடு இணைந்த பற்சக்கரங்கள் எண்களை நகர்த்தும். இதில் கடைசி எண் சிவப்பு நிறத்தில் தனியாக இருந்தால் அது பத்தில் ஒரு பங்கு. அதை யூனிட்டோடு சேர்த்துப் படித்தால் கணக்கு பத்து மடங்காகிவிடும்.

மின்னணு மீட்டரில் தேதி, நேரம், மின்னழுத்தம் என்று எண்கள் மாறி மாறித் தோன்றும். 'கே.டபிள்யூ.எச்.' என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் எண்ணே யூனிட். 'கே.டபிள்யூ.' என்று மட்டும் வந்தால் அது திறன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெட்டியைத் திறக்கவோ முத்திரையைத் தொடவோ கூடாது. கண்ணால் பார்த்தால் போதும்.

செய்து பாருங்கள்

மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அச்சிடப்பட்டிருக்கும். ஒருமுனை மீட்டர் பலவற்றில் இது 3200. அப்படியானால் ஒரு சிமிட்டலுக்கு 36,00,000 ÷ 3200 = 1125 ஜூல்.

எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு, மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு சிமிட்டலின்போது 'பூச்சியம்' என்று எண்ணத் தொடங்கி, பத்தாவது சிமிட்டல் வரை கடிகாரத்தில் நேரம் பாருங்கள். 150 விநாடி ஆனால் ஒரு சிமிட்டலுக்கு 15 விநாடி. திறன் 1125 ÷ 15 = 75 வாட். விசிறியின் மேல் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலை வீட்டில் ஒரு சோதனை

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து படித்த என் மாணவர் ஒருவர், "எங்க வீட்டு மீட்டர் வேகமா ஓடுது சார்" என்றார். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பணமே கட்டாத அவர் வீட்டுக்கு அந்த முறை 112 யூனிட்! தொகை சிறியதுதான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அல்லவா? "குறை சொல்வதற்கு முன் அளந்து பார், தம்பி" என்றேன்.

விளக்கு, விசிறி, டி.வி. எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் ஏறத்தாழ 94 விநாடிக்கு ஒருமுறை சிவப்பு விளக்கு சிமிட்டியது. 1125 ÷ 94 = சுமார் 12 வாட். எதில் செலவாகிறது? தேடிப் பார்த்தார். டி.வி.யை அணைத்தும், அதன் செட்டாப் பெட்டி இரவு பகலாக இயங்கிக்கொண்டிருந்தது. 12 வாட் வீதம் 60 நாளில் 17 யூனிட்டுக்கு மேல்!

அடுத்து மின் கணக்கு அட்டையைப் பார்த்தோம். இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையே 70 நாள் இருந்தது. 112 ÷ 70 = நாளொன்றுக்கு 1.6 யூனிட். 60 நாளில் கணக்கெடுத்திருந்தால் 96 யூனிட்தான். மீட்டரில் தவறில்லை. அடுத்த கணக்கு 50 நாளில் வந்தது, 80 யூனிட். மொத்தம் 120 நாளில் 192 யூனிட். இது 200-க்குள் அடங்கினாலும், 12 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று! தேதி இல்லாத மீட்டர் எண் பாதிக் கணக்குதான் என்பது இதிலிருந்து விளங்கும்.

செட்டாப் பெட்டியை டி.வி. பார்க்கும் 4 மணி நேரம் தவிர, மற்ற 20 மணி நேரமும் சுவிட்சில் நிறுத்தினால் நாளொன்றுக்கு 0.24 யூனிட் மிச்சம். 1.6 என்பது 1.36 ஆகும். பிறகு 70 நாள் ஆனாலும் 95 யூனிட்தான் வரும். அவர் வீட்டில் அன்றே அதைச் செய்தார்கள்.

நீங்களும் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், மீட்டர் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மீட்டரில் யூனிட்டுக்கு 1600 சிமிட்டல். ஒரே ஒரு பல்பு எரியும்போது 250 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. பல்பின் திறன் என்ன?

(விடை: 9 வாட்)