பிராஜெக்டுக்கு எந்த ரேடியோ?

இந்த வருஷமும் குன்னத்துகால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், நோயாளியை வீட்டிலேயே கண்காணிக்கும் கருவி என்று பிராஜெக்ட் தலைப்பு எழுதிக்கொண்டு வந்தார்கள். தலைப்பில் குறையில்லை. காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பாலியேட்டிவ் நர்ஸ் வீடு வீடாகப் போகிறார். ஆனால் எந்த ரேடியோ என்று கேட்டால் பெரும்பாலோர் லோரா என்கிறார்கள். ஏன் என்றால், போன வருஷம் சீனியர் செய்தார். இல்லையென்றால் வளைகுடாவிலிருந்து அப்பா சொன்னார், அதற்குத்தான் வேலை கிடைக்குமாம்.

வைஃபை, ஜிக்பீ, என்பி-ஐஓடி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். வைஃபையில் வேலை சீக்கிரம் நடக்கும், பேட்டரி தாங்காது. ஈஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும்போது நூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஜிக்பீ ஒரு வார்டுக்குச் சரி, ஒற்றை வீட்டுக்கு வேண்டாம். என்பி-ஐஓடிக்கு சிம்மும் டவரும் வேண்டும். நம் ஊர் கேரள-தமிழ்நாடு எல்லையில் இருப்பதால் எந்த மாநிலத்து டவர் பிடிக்கும் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

லோராவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பத்து கிலோமீட்டர் போகும் என்பதெல்லாம் தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. குன்னத்துகாலில் வெட்டவெளி எங்கே? ஏற்றமும் இறக்கமும், நடுவே ரப்பர். மகர மாதம் இலை கொட்டிக் கிடக்கும்போது சோதித்துவிட்டு அருமையாக வந்தது என்று ரிப்போர்ட் எழுதுகிறார்கள். இடவப்பாதியில், நனைந்த இலைக்கூட்டத்துக்குள் அதே சிக்னலை அனுப்பிப் பார்க்கட்டும்.

ஈசிஜி கோட்டையே லோராவில் அனுப்பப் போகிறேன் என்றாள் ஒரு மாணவி. நொடிக்கு 250 மாதிரி, மாதிரிக்கு 12 பிட் என்றால் நொடிக்கு 3000 பிட். அதிக தூரம் போகும் எஸ்எஃப்12 அமைப்பில் லோரா தருவது நொடிக்கு ஏறக்குறைய 250 பிட். வேகத்தைக் கூட்டினால் தூரம் குறையும். மாட்யூல் வாங்குவதிலும் ஏமாறுகிறார்கள்: இங்கே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 915 செல்போன் கம்பெனிகளுக்குக் கொடுத்த பட்டையின் ஓரத்தில் விழும். எல்லாம் சரியாக அமைந்தாலும் கேட்வேயை யார் வீட்டு மாடியில் வைப்பது? துலா மாதச் சாயங்காலம் இடி வெட்டும்போது பிளக்கைப் பிடுங்குவது யார்? வைவாவில் கேட்டால் பதில் வராது.

தினம் இருமுறை பிரஷர் அளவு மட்டும் போதும், அது சில பைட்தான், ஊராட்சியே கேட்வேயைப் பார்த்துக்கொள்ளும் என்றால் லோரா பொருந்தும். அதற்குமேல் அதைத் தூக்கி வைக்க எனக்கு மனமில்லை.

தேவையைப் பார்த்து ரேடியோவைத் தேர்ந்ததற்கு ஓர் உதாரணம்: தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2000களின் நடுவில் கிராமத்துக் கண் மையங்களை இணைத்தது. டாக்டரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. அதனால் சாதாரண வைஃபைக்கே திசை ஆன்டெனா கட்டித் தூரத்துக்கு இழுத்தார்கள்.

நான் புளூடூத் கட்சி. ஆஸ்பத்திரிக் கருவி பழுது பார்த்தே பிழைத்தவன் என்பதால், ஆன்டெனா ஒன்று கூடினால் கோளாறும் ஒன்று கூடும் என்பது என் பிடிவாதம். 2010இல் வந்த புளூடூத் 4.0 தான் லோ எனர்ஜியைக் கொண்டுவந்தது; வெப்பமானி, பிரஷர், நாடித்துடிப்புக் கருவிகளுக்கெல்லாம் அதில் பொது வடிவம் வகுத்திருக்கிறார்கள். கருவி அளவுகளைச் சேர்த்து வைத்து, ஆஷா பணியாளர் வரும்போது அவர் போனில் ஒப்படைத்தால் போதும். உடனே ஆள் ஓடி வர வேண்டிய நோயாளிக்கு இது ஆகாது. அந்தப் பொறுப்பை மாணவர் பிராஜெக்ட் ஏற்கவும் கூடாது.

இன்னொன்று. ரேடியோ ஒரு வாரத்தில் பேசிவிடும். உயிரை வாங்குவது சென்சார். மேக்ஸ்30102 என்ற நாடித்துடிப்பு சென்சார் மேல் விரலைக் கொஞ்சம் அழுத்தினாலே அளவு மாறும், குளிர்ந்த விரலில் இன்னும் மோசம். அதோடு ஒரு மாதம் மல்லுக்கட்டப் பொறுமை இருப்பவர் அதில் உட்காரட்டும். சால்டரிங் அயர்னைக் கண்டாலே ஒதுங்குகிறவர் ஆப் எழுதட்டும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. எதுவானாலும் முதலில் அனுமதி வாங்கி, பாலியேட்டிவ் நர்ஸோடு நாலு வீடு போய் வாருங்கள். பிளக் பாயிண்ட் கட்டிலுக்கு எட்டுகிறதா, பகலில் போன் யார் கையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாட்யூலுக்கு ஆர்டர் போடுவது அதற்கப்புறம்.