ஒரு மில்லிமீட்டர் எங்கே போனது?

துண்டுத்துணித் தையல் வழியாக அளவியல்: 6 முதல் 8 வகுப்புகளுக்கான செயல்பாடு

காரைக்குடியை அடுத்த கோட்டையூர்ப் பகுதி மாணவர்களுக்குக் கட்டங்கள் புதியவை அல்ல. வீட்டுத் தரையில் ஆத்தங்குடி டைல்ஸ், பாட்டியின் கண்டாங்கிச் சேலையில் கட்டம் என்று பார்த்தே வளர்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கி, தடித்த பருத்தி நூலில் நெய்யப்படுவது. பழைய சேலையின் கிழியாத பகுதிகளும் தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளும் இருந்தால் போதும். சதுரங்களாக வெட்டி இணைத்துப் போர்வையோ மேசை விரிப்போ பையோ தைக்கலாம். தையல் பாடவேளைக்குச் செலவில்லாத பணி இது.

ஆனால் வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு வரிசை நீளும், மற்றொன்று குறையும், மூலைகள் பொருந்தா. "கவனமாகத் தைக்கக் கூடாதா?" என்று கேட்டுவிடுகிறோம். மாணவர் கவனமாகத்தான் தைத்திருப்பார். தன் கைக்குத் தையல் வராது என்று அவர் முடிவு செய்வதற்குள், காரணத்தை அளந்து கண்டுபிடிக்க நாம் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

சிறு பிழை பெருகும் விதம்

துணியின் ஓரத்திலிருந்து தையல் கோடு வரை விடும் இடத்தைத் தையல்காரர்கள் மார்ஜின் என்பார்கள். சட்டை, பாவாடையில் இது சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். துண்டுத்துணி வேலையில் முடியாது. இதில் கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே விடுவது வழக்கம்.

கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதுங்கள். முதல் வரிசையில் 7.2 செ.மீ. அகலமுள்ள 8 சதுரங்கள். இரண்டாம் வரிசையில் 13.2 செ.மீ. நீளமுள்ள 4 செவ்வகங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு துணிகளிலிருந்தும் 6 மி.மீ. வீதம் 1.2 செ.மீ. உள்ளே போகும்.

முதல் வரிசை: 57.6 – (7 × 1.2) = 49.2 செ.மீ.
இரண்டாம் வரிசை: 52.8 – (3 × 1.2) = 49.2 செ.மீ.

இரண்டும் சமம். இப்போது மார்ஜின் 7 மி.மீ. ஆகிவிட்டது என்று கொள்வோம். ஓர் இணைப்புக்கு 1.4 செ.மீ. போகும். முதல் வரிசை 47.8, இரண்டாம் வரிசை 48.6 செ.மீ. கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் வேறுபாடாகிவிட்டது. இணைப்புகள் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது என்பதை மாணவர்களே சொல்வார்கள்.

சோதனைத் துண்டு

தேவையானவை: ஒரே துணியில் 4 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் மூன்று பட்டைகள், அளவுகோல், கட்டத்தாள், ஒட்டும் டேப், இஸ்திரிப் பெட்டி.

1. பழைய துணியானால் துவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டு, அதன் பிறகே வெட்டவும். அட்டை வைத்து வரைந்தால் கோட்டின் உட்பக்கமாக வெட்ட வேண்டும். பென்சில் கோட்டின் தடிமனும் அளவில் சேர்ந்துவிடும்.

2. கட்டத்தாளின் வலது ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு கோடு வரையவும். அந்தக் கோட்டின் மேல் ஊசி இறங்கும்படி கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றவும். தாளின் வலது ஓரத்தை ஒட்டி, இயந்திரத்தின் தட்டில் டேப்பை மூன்று நான்கு அடுக்காக ஒட்டினால் சிறு வரப்பு கிடைக்கும். துணியை நகர்த்தும் பற்களின் மேல் டேப் படக் கூடாது.

3. தைக்கும்போது கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. வரப்பைப் பார்க்க வேண்டும். துணியைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாது. கடைசி ஒரு செ.மீ.இல்தான் துணி பெரும்பாலும் விலகும். அங்கே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

4. மூன்று பட்டைகளையும் இணைத்து, மார்ஜினை ஒரு பக்கமாக மடித்து, இழுக்காமல் அழுத்தி இஸ்திரி போடவும். நடுப்பட்டையின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து குறிக்கவும்.

சரியான விடை 2.8 செ.மீ. நடுப்பட்டையின் அகலம் ந என்றால், மார்ஜின் = (4 – ந) ÷ 2. 2.6 செ.மீ. வந்தால் மார்ஜின் 7 மி.மீ.; வரப்பை ஊசிப்பக்கம் 1 மி.மீ. நகர்த்த வேண்டும். 3 செ.மீ. வந்தால் 5 மி.மீ.; வரப்பை வெளிப்பக்கம் 1 மி.மீ. நகர்த்த வேண்டும்.

ஊசியிலிருந்து மிகச்சரியாக 6 மி.மீ. தள்ளி வரப்பு வைத்தும் நடுப்பட்டை குறையலாம். தையலில் துணி மடங்கித் திரும்பும் இடத்தில் அதன் தடிமனும் சிறிது அளவைத் தின்றுவிடும். கண்டாங்கி போன்ற தடித்த துணியில் இது கூடுதலாகத் தெரியும். எனவே ஓரிரு நூல் அளவு குறைத்துத் தைக்க வேண்டியிருக்கும். துணி மாறினால் சோதனைத் துண்டும் புதிதாகத் தைக்கப்பட வேண்டும்.

பிழை கருவியிலா, கையிலா?

மூன்று இடங்களில் அளக்கச் சொன்னதன் காரணம் இதுதான். மூன்றும் 2.6 என்று ஒரே மாதிரி வந்தால் மாணவரின் கை நன்றாகவே இருக்கிறது. மாற்ற வேண்டியது வரப்பின் இடத்தை. 2.8, 2.7, 2.5 என்று மாறி வந்தால் வரப்பை நகர்த்திப் பயனில்லை. வேகத்தையும் துணியைப் பிடிக்கும் முறையையும் சரிசெய்ய வேண்டும். இரண்டு பிழைகளுக்கும் மருந்து வேறு. "கவனமாகத் தை" என்ற ஒரே அறிவுரை இரண்டுக்கும் பொருந்தாது. அறிவியல் ஆய்வகத்தில் அளவிடும்போதும் இதே வேறுபாடு பயன்படும்.

தொடக்க வகுப்புகளுக்கு

4, 5 வகுப்புகளில் ஊசி வேண்டாம். 8 செ.மீ. தாள் சதுரங்கள் நான்கில், எதிரெதிர் ஓரங்களிலிருந்து 1 செ.மீ. தள்ளிக் கோடு வரைந்து, இரண்டிரண்டாக முகத்தோடு முகம் வைத்துக் கோட்டின் மேல் ஸ்டேப்ளர் அடிக்கச் சொல்லலாம். விரித்தால் 32 செ.மீ. இருக்காது, 26 செ.மீ.தான் இருக்கும். ஆறு செ.மீ. எங்கே போனது என்று குழந்தைகளே தாளைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

மதிப்பீடு

அழகை மட்டும் பார்த்து மதிப்பெண் இட வேண்டாம். முதல் சோதனைத் துண்டின் அளவு, செய்த திருத்தம், இரண்டாம் துண்டின் அளவு ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் துண்டில் 2.5 எடுத்து, இரண்டாவதில் 2.8-ஐ எட்டியவர் நன்றாகக் கற்றிருக்கிறார். சோதனைத் துண்டுகளையும் வீணாக்க வேண்டாம். தேதியிட்டு ஏட்டில் பின் செய்துவைத்தால் பருவ இறுதியில் முன்னேற்றத்தைப் பெற்றோரிடம் காட்டலாம். ஆண், பெண் வேறுபாடின்றி எல்லா மாணவர்களும் செய்ய வேண்டிய பணி இது. ஒரே இயந்திரம் உள்ள பள்ளியில் ஒருவர் தைக்க, ஒருவர் இஸ்திரி போட, ஒருவர் அளக்க, ஒருவர் கணக்கிட என்று நால்வர் குழுவாகச் செய்யலாம். இஸ்திரிப் பெட்டியின் அருகில் மட்டும் ஆசிரியர் உடனிருப்பது அவசியம்.